கொழுப்பில் கரைகிற குரல்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சின்னச் சிரிப்பு இல்லை. ஒரு மாந்தோப்பு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்தில் நிற்கிறவன் முதுகில் அடித்து அடித்துச் சிரித்த சிரிப்பு. அது வரும், சத்தியமாக வரும். ஆனால் இலை போட்டதுமே பாயசம் எங்கே என்று கேட்கிறவனுக்குப் பந்தியில் என்ன பதில் சொல்வார்களோ அதுதான் உங்களுக்கும் பதில். முதலில் சோற்றைச் சாப்பிடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற ரோட்டில், கல் உடைக்கிற கிரஷர்களின் தூசி வேப்பமரத்தைக்கூட வெள்ளையடித்து வைத்திருக்கும் கன்னிமார்பட்டியில், சடையாண்டி பகலில் கிரஷர் எடைமேடையில் லாரிகளை எடை போட்டார். மற்ற நேரமெல்லாம் சேவல் வளர்த்தார். சண்டைச் சேவலும் இல்லை, கறிச் சேவலும் இல்லை. கிளிமூக்கு விசிறிவால். மூக்கு கிளியைப்போல வளைந்து, வால் விசிறியைப்போல விரிந்து தரையைப் பெருக்கிக்கொண்டு வர, கழுத்தை நிமிர்த்தி நடக்கிற அந்தச் சாதிச் சேவலுக்கு உலகத்தில் ஒரே வேலைதான்: கண்காட்சிக்குப் போய் நிற்பது, நாலு பேர் பார்ப்பது, வீட்டுக்கு வந்து பெட்டைகளோடு சேர்ந்து தன்னைப்போலவே இன்னும் பத்தைப் பிறப்பிப்பது.

அதற்காக அவர் படாத பாடு இல்லை. விடிந்ததும் மூக்கைப் பிளந்து இங்க் ஃபில்லரால் ஏ சத்து, கண்ணுக்கும் றெக்கைக்கும்; வெயில் ஏறுவதற்குள் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ், கிண்ணம் மஞ்சளாகிற வரைக்கும்; உச்சி வெயிலில் களைக்காமல் இருக்க சி; எலும்புக்கு டி, அது எண்ணெயாகவும் வரும் வெயிலாகவும் வரும் என்பதால் தினமும் வாசலில் ஒரு மணி நேரம் கூடைக்குள் கவிழ்த்து வைப்பது; பெட்டைகள் போடுகிற முட்டை கூமுட்டையாகப் போகாமல் இருக்க முளைகட்டிய பயறோடு ஈ; அடிபட்டால் ரத்தம் நிற்க கே; இது போதாதென்று சுண்ணாம்புச் சத்து, தாது உப்பு, எல்லாம் கம்பு மாவில் உருட்டி உருட்டி, வாயில் தள்ளி, கழுத்தைத் தடவித் தடவி உள்ளே இறக்கிவிடுவது.

மருந்துகளைக் கொடுக்கிறவர் காஜா பாய். பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஆடுமாடு, கோழி மருந்துக் கடை வைத்திருக்கிறவர். மூக்கால் பேசுவார், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை மேஜையைத் தட்டுவார்.

"மாமா, நல்லா கேட்டுக்கங்க. பியும் சியும் தண்ணியில கரையிற சாதி. கூடிப்போனா எச்சத்தோட வெளிய வந்துரும், பாதகமில்ல. ஆனா ஏ, டி, ஈ, கே இருக்கு பாருங்க, இது நாலும் கொழுப்புல கரையிறது. உள்ள போனா தங்கிரும். ஒரு சொட்டுன்னா ஒரு சொட்டு. மிஞ்சினா அது சத்தில்ல, விஷம்."

"எஞ் சேவலுக்குக் கொழுப்பே கெடையாது பாய்."

"சேவலுக்கு இல்ல மாமா. உங்களுக்கு இருக்குல்ல," என்றார் காஜா பாய், மேஜையைத் தட்டி.

அது உண்மைதான். சடையாண்டிக்குக் கொழுப்பு இருந்தது. அந்தக் கொழுப்பினால்தான் அவருடைய மகன் சுதர்சன் வீட்டில் இல்லை.

மனைவி செத்துப் பதினோரு வருஷமாக அப்பனும் மகனுமாக இரண்டே பேர் இருந்த வீடு அது. சுதர்சன் போலீஸ் வேலைக்கு ஓட்டம் ஓடி, கயிறு ஏறி, எல்லாம் தாண்டிக் கடைசியில் மார்பளவில் ஒரு சென்டிமீட்டர் குறைந்துபோய் ஐப்பசி மாதத்து மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தபோது, சடையாண்டி அப்போதிருந்த கிழட்டுச் சேவலின் வாயைப் பிளந்து சொட்டு ஊற்றிக்கொண்டிருந்தார். மகன் வாசற்படியிலேயே நின்று அதைப் பார்த்தான்.

"அந்த ஃபில்லரை என்னைக்காவது ஒரு நா எம் பக்கம் திருப்பியிருந்தா அந்த ஒரு சென்டிமீட்டர் வந்திருக்கும்பா."

அவன் அழுதுவிடுவான்போல இருந்தது. அழுகிறவனை எப்படிப் பார்ப்பதென்று சடையாண்டிக்குத் தெரியாது. அதனால் சேவலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இது போன ஊர்ல எல்லாம் கப்பு வாங்கிட்டு வருது. நீ போன ஊர்ல என்னடா வாங்கிட்டு வந்த?"

சுதர்சன் கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தான். மழை விட்டதும் வந்துவிடுவான் என்று சடையாண்டி நினைத்தார். மழை விட்டது. நாலைந்து வாரம் இரண்டு பேருக்கு உலை வைத்தார். மிஞ்சிய சோற்றைக் கோழிகளுக்குப் போட்டார். அப்புறம் ஒருவருக்கு உலை வைத்தார். பையனுடைய போன் நம்பர் மாறிப்போயிருந்தது. போய்த் தேடலாமே என்றவர்களிடம், "போனவனுக்கு வழி தெரியும்ல, வரட்டும்," என்றார். வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் அந்த வீட்டில் மிச்சம் இல்லை என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கிழட்டுச் சேவல் போனபிறகு அதோடு சேர்ந்த பெட்டையின் முட்டையிலிருந்து வந்தது ஒரு செங்கீரி. உடம்பெல்லாம் சிவப்பு, நெஞ்சில் மட்டும் கீரியின் முதுகைப்போலப் பொடிக் கோடு. இதற்கு அவர் ஊற்றினார் பாருங்கள், அப்படி ஊற்றினார். ஒரு சொட்டு என்ற இடத்தில் மூன்று, மூன்று என்ற இடத்தில் பத்து, இன்னொருவனுக்குப் பத்தொன்பது வருஷமாக ஊற்றாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இந்த ஒரு தொண்டைக்குள் இறக்கிவிட வேண்டும் என்பதுபோல ஊற்றினார். செங்கீரி நெருப்பு மாதிரி வளர்ந்தது. வால் முழத்தைத் தாண்டியது. ஆடி மாதத்தில், மற்ற இளஞ்சேவல்கள் தொண்டை கீறிக் கூவப் பழகுகிற வயதில், ஒரு காலை வேலிமேல் ஏறி நின்று, கழுத்தைத் தூக்கி, கூவாமல், "ரைட்! போலாம் ரைட்!" என்றது.

ஸ்டாப்பில் நின்றிருந்த பஸ்ஸை டிரைவர் எடுத்துவிட்டார். கண்டக்டர் அப்போது டீக்கடையில் பன் தின்றுகொண்டிருந்தார். கண்டக்டர் இல்லாத பஸ் எட்டு கிலோமீட்டர் போய்த் திரும்பி வந்தது. கண்டக்டர் மீதி பன்னை முடித்துவிட்டு வேலிக்குக் கீழே வந்து நின்று, சேவலை மேலும் கீழும் பார்த்து, "நம்ம குரல் இவ்வளவு கட்டையாவா இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

ஊரில் யாரும் பெரிதாக வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டு நாகஜோதி, சத்துணவு சமைக்கிறவள், எதற்கும் காரணம் வைத்திருக்கிறவள், மறுநாளே விளக்கிவிட்டாள்:

"இதுல என்னண்ணே அதிசயம்? ஏ, பி, சி, டி, ஈ, கேன்னு எழுத்து எழுத்தா உள்ள ஊத்துனா அது பேசாம என்ன செய்யும்? எங்க சின்னப்பய எல்.கே.ஜி.யில அம்புட்டுதான் படிச்சான், என்னா வாயி பேசுறான்!"

"நடுவுல எஃப் இல்லையேம்மா," என்றார் டீக்கடை ராஜாங்கம்.

"இல்லாம இருக்கறதுதான் நல்லது. ஃபெயிலாகாது."

இந்த ஒரு பேச்சுக்குப் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லாரும் காஜா பாய் கடையில் வரிசை கட்டினார்கள். பாய் மேஜையைத் தட்டித் தட்டி, "யம்மா, இது கோழிக்குள்ளது, பிள்ளைகளுக்கு ஊத்தாதீங்க," என்று கத்தினார். பயனில்லை. அட்டையில் 'கோழிகளுக்கு மட்டும்' என்று எழுதித் தொங்கவிட்டார். அதைப் படித்துவிட்டு ஒரு தகப்பன், "எம் பய கோழி மாதிரிதான் எழுதுறான், குடுங்க பாய்," என்றான்.

செங்கீரி வாரத்துக்கு ஒரு குரல் பிடித்தது. தலைமையாசிரியர் குரலில் லீவு விட்டது. பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள், தலைமையாசிரியரும் வீட்டுக்குப் போனார். ரேஷன் கடைக்காரர் குரலில் பாமாயில் வந்திருக்கிறது என்றது. அந்த வரிசை சாயங்காலம்வரை கலையவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் குரலில் வரும் பங்குனிக்குள் வீட்டுக்கு வீடு குழாய் என்றது. அதற்கு மட்டும் யாரும் அசையவில்லை, அவர் சொன்னாலும் அசைவதில்லை என்பதால்.

சில குரல்கள் மூன்று நாளில் மறைந்துபோயின. கண்டக்டரின் 'ரைட்' ஒரு காலையில் எச்சத்தோடு போய்விட்டது. அது தண்ணீரில் கரைகிற குரல் என்று ஊர் சொன்னது. சில குரல்கள் போகவே இல்லை. அவை கொழுப்பில் கரைகிறவை.

போகாத குரல் ஒன்று ஆவணி மாதத்தில் வந்தது. அதற்கு முந்தின நாள் சடையாண்டி வியாழக்கிழமைச் சந்தைக்குப் போய் இருட்டியபின்தான் திரும்பியிருந்தார். மறுநாள் காலை, கம்பு மாவை உருட்டிக்கொண்டிருக்கும்போது, கொல்லைப் பக்கத்திலிருந்து மெதுவாக, கொஞ்சம் தயங்கி, ஒரு குரல் கூப்பிட்டது.

"அப்பா. கதவைத் தொறப்பா."

அவர் ஓடினார். ஐம்பத்துநாலு வயதில், முட்டிவலியோடு, கையில் மாவோடு, அண்டா ஒன்றைத் தட்டிவிட்டு ஓடினார். கொல்லையில் யாரும் இல்லை. கூண்டுமேல் செங்கீரி நின்று ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது.

"அப்பா. கதவைத் தொறப்பா," என்றது. பிறகு சிரித்தது. சிரித்தது அவருடைய சிரிப்பையே.

அந்த மாதத்தில் பதினேழு தடவை ஓடினார். குளித்துக்கொண்டிருந்தவர் சோப்பு நுரையோடு ஓடினார். எடைமேடையில் ஒரு லாரியைப் பாதி எடையில் விட்டுவிட்டு ஓடினார், வீட்டுப் பக்கம் மகன் குரலைக் கேட்டதாக யாரோ சொன்னார்கள் என்று. ஒவ்வொரு தடவையும் சுவருக்கு அந்தப் பக்கம் நாகஜோதி தலையை நீட்டி, சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்தி, பொத்திய கைக்குள் சிரித்தாள். பதினேழாவது தடவை அவர் வேலியோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தச் சேவலை அறுத்துவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊரும் கேட்டது. அவரால் முடியவில்லை. மகன் குரல் உலகத்தில் வேறெங்கே இருக்கிறது? அதனால் அறுக்கவில்லை. இனிமேல் எழுந்திருக்க மாட்டேன் என்று மட்டும் முடிவு செய்தார்.

எழுந்திருக்காமல் இருப்பது பழகிக்கொள்ளக்கூடிய வேலைதான். வீட்டுக்குள்ளிருந்தபடியே பதில் சொல்லப் பழகினார். "அப்பா, கதவைத் தொற" என்றால், "சாவி உங்கிட்டதான்டா இருக்கு" என்பார். வெற்றிலை போட்டுக்கொண்டு, கத்திரிக்காய் அரிந்துகொண்டு, ஒரு நாளைக்கு நாலைந்து தடவை சேவலிடம் மகனைத் திட்டினார். திட்டி முடித்ததும் சொட்டு ஊற்றினார்.

ஊரும் பழகியது. யார் எங்கிருந்து கூப்பிட்டாலும் திரும்புவதில்லை என்று ஆனது. பேச வேண்டுமென்றால் எதிரே வந்து முகத்தைக் காட்ட வேண்டும். "மூஞ்சியக் காட்டிட்டுப் பேசு" என்பது கன்னிமார்பட்டியில் 'வாங்க, உட்காருங்க' மாதிரி ஆகிவிட்டது. கார்த்திகையில் ராஜாங்கத்தின் டீக்கடைக் கீற்று பற்றிக்கொண்டது. அவர் தீ தீ என்று கத்தினார். தெருவில் அத்தனை பேர் கேட்டார்கள். "இன்னைக்கு ராஜாங்கம் மாமா குரலு பிரமாதமா இருக்குல்ல," என்று பேசிக்கொண்டார்கள். பாதிக் கூரை போனபிறகு புகை வந்து முகத்தைக் காட்டியது. ராஜாங்கம் யார்மீதும் கோபப்படவில்லை. "நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்," என்றார். மறுநாள் பாதிக் கூரையின்கீழ் டீ போட்டார்.

மார்கழி வந்தது. திண்டுக்கல் புறவழிச் சாலையோரத்து மாந்தோப்பில் கண்காட்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். சடையாண்டி மருந்தைக் கூட்டினார். குளிர்காலத்தில் வெயில் இளைத்துப்போவதால் டி சத்துக்காகச் செங்கீரியை வாசலிலேயே, கதவுக்குப் பக்கத்தில், கூடையைக் கவிழ்த்து வெகுநேரம் வைத்திருந்தார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தார். மின்விசிறி கடகடவென்று ஓடியது. வாசலில் குரல் கேட்டது.

"அப்பா. கதவைத் தொறப்பா."

"ஆரம்பிச்சிட்டியா," என்றார் கண்ணைத் திறக்காமல்.

"அப்பா, நான்தான்பா. சுதர்சன்."

"நீதான்னு எனக்குத் தெரியாதா? காலையில நாலு தடவை வந்த, சாப்பிடையில ரெண்டு தடவை வந்த."

அப்புறம் கதவு தட்டப்பட்டது. கதவு தட்டுவதுபோலவே கச்சிதமாக இருந்தது. அட, இதையும் படித்துவிட்டதா என்று சடையாண்டிக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

"நெசமாவே நான்தான்பா. சேவல் இல்ல."

"நெசமாவே நான்தான்னு சேவலும்தான்டா சொல்லும்!" என்று கத்தினார். கத்தியது தனக்கே நன்றாக இருந்ததால் மேலே போனார்: "எம் மகன் செத்துட்டான்னு தலை முழுகி வருசம் ஒண்ணாச்சு. இங்க உனக்கு ஒருத்தனும் இல்ல. வெயில்ல கெடந்து சாவு!"

வெளியே ஏதோ முணுமுணுப்பு வந்தது. அது நின்று, திரும்ப வந்து, நடுவில் உடைந்தது. அவர் துண்டை எடுத்து இரண்டு காதையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மின்விசிறி ஓடியது. தூங்கிப்போனார்.

எழுந்து கதவைத் திறந்தபோது வாசலில் கூடைக்குள் செங்கீரி மட்டும் இருந்தது. தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்த நாகஜோதி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இன்னைக்கு உங்க சேவல் அழுகற மாதிரியெல்லாம் பண்ணுச்சுண்ணே. கொல்லையில இருந்து கேட்டுட்டுத்தான் இருந்தேன். தொண்டை அடைக்கிறது, மூக்கை உறிஞ்சுறது, அச்சு அசல்! எனக்கே ஒரு மாதிரியாப் போச்சு."

"குடுக்கற சத்து அப்படிம்மா," என்றார் சடையாண்டி. அன்றைக்கு ஈ சத்து இரண்டு சொட்டு கூடுதலாக ஊற்றினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்பு. மரத்துக்கு மரம் கம்பிக் கூண்டு. மயில் நிறம், காக்கை நிறம், கொக்கு வெள்ளை, சாம்பல் என்று சேவல்கள் வாலை விரித்து நிற்க, வளர்க்கிறவர்கள் தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டு அவற்றின் மூக்கையும் காலையும் மினுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் ஒரு குரல் விடிந்ததிலிருந்து நிற்காமல் ஓடியது. "அன்பார்ந்த சேவல் ஆர்வலர்களே! பெருமதிப்பிற்குரிய வளர்ப்பாளப் பெருமக்களே! நமது தோப்பிலே, நமது மண்ணிலே, வாலே வாழ்வு என்று வாழ்கின்ற..." வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கழுத்தில் மைக் வயர். அறிவிப்பாளருக்கு மூச்சுவிட நேரமே இல்லை.

பதிவு செய்கிற மேஜையில் ஒரு பையன் நோட்டைப் பார்த்தபடியே கேட்டான்: "சேவல் பொரிச்ச மாசம்ணே?"

"தை."

"அப்ப பதினோரு மாசம். இளஞ்சேவல் பிரிவு. கூண்டு நாப்பத்தொண்ணு."

செங்கீரியைப் பார்க்கக் கூட்டம் மொய்த்தது. வாலின் நீளத்தை ஒருவர் டேப்பால் அளந்தார். மூக்கு வளைவைப் பார்த்து ஒருவர் உச்சுக்கொட்டினார். "என்னண்ணே குடுக்கறீங்க?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சடையாண்டி எழுத்துகளை ஒப்பித்தார். ஒரு வருஷத்துக்கு மேல் அவர் முகத்தில் இல்லாத ஒன்று அன்று இருந்தது. அதைச் சந்தோஷம் என்று சொல்ல முடியாது, சந்தோஷம் இருந்த இடத்தைத் துடைத்து வைத்ததுபோல ஒரு மினுமினுப்பு. முதல் பரிசு வாங்கினால் பேப்பரில் போட்டோ வரும், எங்கேயோ ஒரு டீக்கடையில் உட்கார்ந்து ஒரு பையன் அதைப் பார்ப்பான், அப்பா இளைத்துப்போயிருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றும், பஸ் ஏறுவான். அவர் காலையிலிருந்து மனதுக்குள் அந்த பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"கன்னிமார்பட்டிச் சேவல் பேசுமாம்ல?" என்று யாரோ கத்தினார்கள். "பேசச் சொல்லுங்கய்யா!"

அறிவிப்பாளர் ஓடி வந்தார். "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே! பேசும் சேவல்! பிறவிக் கலைஞன்!" என்று மைக்கைக் கூண்டுக்குள் நீட்டினார். செங்கீரி மைக்கைக் கொத்திப் பார்த்தது. தோப்பெல்லாம் டொக்கென்றது. அப்புறம் கழுத்தைத் தூக்கியது.

"அப்பா. கதவைத் தொறப்பா."

மா இலைகளுக்கிடையே நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து ஒரு இளைஞனின் குரல் வந்தது. கூட்டம் 'ஓ'வென்றது. உடனே, வாயை மூடாமலே, சடையாண்டியின் கட்டைக் குரல்: "ஆரம்பிச்சிட்டியா." அங்கே ஒரு சிரிப்பு கிளம்பியது. "அப்பா, நான்தான்பா. சுதர்சன்." "நீதான்னு எனக்குத் தெரியாதா? காலையில நாலு தடவை வந்த, சாப்பிடையில ரெண்டு தடவை வந்த." சிரிப்பு பெருகியது. கதவு தட்டுகிற சத்தம். "நெசமாவே நான்தான்பா. சேவல் இல்ல." "நெசமாவே நான்தான்னு சேவலும்தான்டா சொல்லும்!"

இதுதான் நான் சொன்ன சிரிப்பு. தோப்பே குலுங்கியது. கக்கத்துச் சேவல்கள் நழுவின. ஒரு பெரியவர் புரையேறி இருமினார். ஒரு சேவல் தான் சேவல் இல்லை என்று சொல்கிறது, அதை நம்ப மாட்டேன் என்று அந்தச் சேவலே சொல்கிறது. இப்படி ஒரு நாடகத்தை எவன் பார்த்திருக்கிறான்? சடையாண்டியும் சிரித்தார். தன் வாய்ச் சாமர்த்தியம் இத்தனை பேருக்குப் பிடித்திருப்பது அவருக்குக் கூச்சமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

செங்கீரி நிறுத்தவில்லை. தலை முழுகியதைச் சொன்னது. வெயிலில் கிடந்து சாகச் சொன்னது. பிறகு மறுபடி அந்த இளைஞனின் குரலுக்குப் போனது, தாழ்ந்து, கதவோடு வாயை வைத்துப் பேசுவதுபோல.

"செவ்வாக்கிழமை ஃபிளைட்டுப்பா. குவைத்துக்கு. அஞ்சு வருசம் வர முடியாதாம். ஆவணியில ஒரு நா வந்து கொல்லையில நின்னு கூப்பிட்டேன், நீ சந்தைக்குப் போயிட்ட போல. ஒரு தடவை மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்பா. தொறக்க வேணாம், ஜன்னல் வழியாப் பாரு போதும்."

மூக்கை உறிஞ்சியது. கூட்டம் கைதட்டியது.

"சரிப்பா. உடம்பப் பாத்துக்க."

பிறகு ஒரு சத்தம், வாயால் செய்ய முடியும் என்று நம்ப முடியாத சத்தம்: ஒரு செருப்பு, இன்னொரு செருப்பு, ஜல்லிக்கல்மேல் நடை. நடை சிறுத்துக்கொண்டே போனது.

சடையாண்டி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் எதற்குச் சிரிக்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. குவைத் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வார்த்தைகள் எதையும் அவர் கேட்டதில்லை. துண்டு, மின்விசிறி.

"அற்புதம்! அற்புதம்!" என்று அறிவிப்பாளர் மைக்கைக் கூண்டிலிருந்து உருவினார். "அண்ணே, கட்டைக் குரலு உங்களுது, எல்லாருக்கும் தெரியுது. அந்த இளங்குரலு யாருது?"

"எம் மகன்."

"ஆஹா! மகன்கிட்ட வளர்ந்த சேவல்!"

"இல்ல. அவன் போனது ஐப்பசியில. அதுக்கப்புறம்தான் இது..."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு போனார். ஐப்பசி. கார்த்திகை. மார்கழி. தை. கட்டைவிரல் தையில் நின்றது. முட்டை உடைந்து இந்தச் சேவல் வெளியே வந்தபோது, வீட்டைவிட்டுப் போய் மூன்று மாதம் ஆகியிருந்த ஒருவனின் குரல். அது எங்கே கேட்டது? யாரிடம் கேட்டது? எந்த எழுத்தை ஊற்றினால் கேட்காத குரல் வரும்?

ஆவணி வியாழக்கிழமை. போன ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்விட்டது.

அறிவிப்பாளர் மைக்கை அவர் வாய்க்கும் கூண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து முகம் மலர நின்றிருந்தார்.

"அது சேவல் இல்ல," என்றார் சடையாண்டி.

நான்கு குழாய்களிலும் அது கணீரென்று கேட்டது. தோப்பு முன்னைவிடப் பலமாகச் சிரித்தது.

"கேட்டீங்களா, அன்பார்ந்த பெருமக்களே!" என்றார் அறிவிப்பாளர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மறுபடியும் பேசிருச்சு!"